புழுக்களுக்கு ஒரு பேரேடு

ரஷ்யாவின் செயின்ட் பீட்டர்ஸ்பர்க் நகரத்தில், அறிவியல் கழக நூலகத்தின் பாதுகாப்பில், முந்நூறு வயதைத் தாண்டிய வரைநோட்டு ஒன்று இருக்கிறது. உள்ளே ஏறத்தாழ முந்நூறு சின்னஞ்சிறு படங்கள். பலவும் உள்ளங்கைக்குள் அடங்கிவிடும். பதப்படுத்திய கன்றுத்தோலில் வண்ணம் தீட்டி, நீலச் சாம்பல் நிறக் காகிதச் சட்டத்துக்குள் பொருத்தி வைத்திருக்கிறார்கள். பக்கத்திலேயே ஜெர்மன் மொழியில் கையெழுத்துக் குறிப்புகள்: இந்தப் புழு எந்தச் செடியில் கிடைத்தது, என்ன தின்றது, எப்போது கூடு கட்டியது, எத்தனை நாள் கழித்து உள்ளிருந்து என்ன வெளியே வந்தது. வரைந்தவரும் எழுதியவரும் ஒருவரே: மரியா சிபில்லா மெரியன். 1647-இல் ஃபிராங்க்ஃபர்ட்டில் பிறந்தவர். நோட்டின் முதல் பதிவு பட்டுப்புழுவைப் பற்றியது. அதைக் கவனிக்கத் தொடங்கிய ஆண்டு 1660 என்று அவரே குறித்திருக்கிறார். அப்போது அவருக்கு வயது 13.

தொழிலாகப் படம் வரைகிற எவருடைய நோட்டைப் புரட்டினாலும் இரண்டு வகைப் படங்கள் கலந்து கிடக்கும். ஒன்று, ஆர்டர் எடுத்துக் காசுக்கு வரைந்தவையும் அவற்றுக்கான முன்வரைவுகளும். மற்றது, யாரும் கேட்காமல் தனக்காக வரைந்து வைத்த பழைய படங்கள். முதல் வகையை வேலை என்றும் இரண்டாவதைக் கைப்பழக்கம் என்றும் பார்ப்பதுதான் வழக்கம். மெரியனின் நோட்டைப் பார்த்த பிறகு அப்படிச் சொல்ல மனம் வராது. அவருக்குப் பேர் வாங்கித் தந்த பூச்சிப் படங்கள், யாரும் கேட்காமல் வரைந்த அந்தத் தோல்துண்டுகளிலிருந்துதான் உருவாயின. வேறு எப்படியும் அவை உருவாகியிருக்க முடியாது. அதற்குக் காரணம் ஓவியக் கலையில் இல்லை, பூச்சியின் உடம்பில் இருக்கிறது.

வண்ணத்துப்பூச்சியின் முழு வாழ்க்கையையும் ஒரே படத்தில் காட்டச் சொல்லி ஒருவர் கேட்கிறார் என்று வைத்துக்கொள்வோம். முட்டை, புழு, கூட்டுப்புழு, சிறகு விரித்த பூச்சி, நான்கும் ஒரே கிளையில் வேண்டும். கேட்க எளிதாக இருக்கிறது. ஆனால் ஒரே உயிர் ஒரே நேரத்தில் அந்த நான்குமாக இருப்பதில்லை. புழு கண்ணில் படும்போது அதன் முட்டை போயிருக்கும். பூச்சி வெளிவரும்போது புழு இருந்த தடமே இருக்காது. ஐரோப்பா போன்ற குளிர்நாடுகளில் பல அந்துப்பூச்சிகள் கோடையில் புழுவாகத் தின்று வளர்ந்து, குளிர்காலம் முழுக்கக் கூட்டுக்குள் கிடந்து, அடுத்த வசந்தத்தில்தான் வெளியே வரும். நடுவில் கூட்டுப்புழு காய்ந்து செத்துவிட்டால் அந்த ஆண்டின் உழைப்பு வீண். மறுகோடையில் அதே வகைப் புழுவைத் தேடிப் பிடித்து, அதே தழையைப் பறித்துப் போட்டு, முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். ஒருமுறை பார்த்ததை மறுமுறை பார்ப்பதற்குள் மறந்துபோகாமல் வைத்திருக்க ஓர் இடம் வேண்டும். மெரியனுக்கு அந்த இடம் இந்த நோட்டு.

இன்னொரு சிக்கலும் இருந்தது. செத்த வண்ணத்துப்பூச்சியை ஊசியில் குத்திப் பெட்டியில் வைக்கலாம், அதன் சிறகு நிறம் பல ஆண்டுகள் தாங்கும். புழுவை அப்படி வைக்க முடியாது. அதன் உடம்பு மெல்லிய தோலுக்குள் நிறைந்த ஈரம். செத்ததும் சுருங்கிக் கறுத்துவிடும். பல புழுக்களின் பச்சை நிறம், அவற்றின் உடலே உண்டாக்கும் நீல நிறமியும் தின்ற இலையிலிருந்து கிடைக்கும் மஞ்சள் நிறமியும் கலந்து வருவது. உயிர் போனபின் அந்தக் கலவை நிலைக்காது. அதனால்தான் அக்காலப் பணக்காரர்களின் அருங்காட்சிப் பெட்டிகளில் வண்ணத்துப்பூச்சிகள் வரிசை வரிசையாக இருந்தன, புழுக்கள் இல்லை. உயிரோடு இருக்கும்போதே வரைந்தால்தான் உண்டு.

மெரியன் அப்படித்தான் வரைந்தார். ஒரு தோல்துண்டை அருகில் வைத்துப் பார்த்தால் அவர் எதைக் கவனித்தார் என்பது தெரியும். புழுவின் முன்பக்கம் மூன்று ஜோடி உண்மையான கால்கள், கூர்மையாக, கணுவோடு. பின்பக்கம் சதைப்பற்றான பொய்க்கால்கள், இலைக்காம்பைப் பற்றிக்கொள்ள வசதியாக. இரண்டும் வேறு வேறு என்று வரைந்த கைக்குத் தெரிந்திருக்கிறது. வளையத்துக்கு வளையம் மாறும் புள்ளிகள், ஒவ்வொரு புள்ளியிலிருந்தும் கிளம்பும் மயிர், அந்த மயிர் எந்தப் பக்கம் சாய்கிறது என்பதுவரை இருக்கிறது. சுற்றிலும் வெற்றிடம். செடி பெரும்பாலும் இல்லை, நிழல் இல்லை, அலங்காரம் எதுவும் இல்லை. அவருடைய விலையுயர்ந்த படங்களைவிட இந்தத் துண்டுகள்தான் எனக்குப் பெரியவையாகப் படுகின்றன.

தோலில் ஏன் வரைய வேண்டும் என்று கேட்கலாம். காகிதம் நாரால் ஆனது, வண்ணத்தை உறிஞ்சிக்கொள்ளும். கன்றுத்தோலைச் சுண்ணாம்பில் ஊறவைத்து, மயிர் நீக்கி, சட்டத்தில் இழுத்துக் கட்டி உலர்த்திச் சுரண்டினால் வழவழப்பான தாள் கிடைக்கும். செருப்புத் தோல்போல் அதை மரப்பட்டைச் சாயத்தில் பதனிடுவதில்லை. அதன் மேல் வைத்த வண்ணம் உள்ளே இறங்காமல் மேற்பரப்பிலேயே உட்காரும். அதனால் மிக நுண்ணிய தூரிகைக் கோடும் பிசிறில்லாமல் நிற்கும், நிறமும் ஒளியோடு தெரியும். பகைவன் ஈரப்பதம்தான். காற்றின் ஈரம் ஏறி இறங்கும்போதெல்லாம் தோல் விரிந்து சுருங்கும், வண்ணம் உதிரத் தொடங்கும்.

அக்காலத்தில் எழுதப் பயன்பட்ட மையைப் பற்றியும் ஒரு வார்த்தை சொல்லத் தோன்றுகிறது. ஐரோப்பா அப்போது பெரும்பாலும் எழுதியது நம் மருந்துக் கடைகளில் கிடைக்கும் மாசிக்காயையும் அன்னபேதியையும் சேர்த்துச் செய்த மையால்தான். மாசிக்காயை உரைத்துக் குழந்தைக்குக் கொடுக்கும் வீடுகள் இன்றும் உண்டு. அது காயே கிடையாது. ஓக் மரத்தின் கிளையில் ஒரு சிறு குளவி முட்டையிட, மரம் அந்த இடத்தில் வீங்கிக் கட்டியாகிறது. குளவிக் குஞ்சு அதற்குள் வளர்கிறது. அந்தக் கட்டிதான் மாசிக்காய். அதிலுள்ள துவர்ப்புப் பொருளோடு அன்னபேதியின் இரும்பு சேரும்போது முதலில் வெளிறிய நிறத்தில் இருக்கும், காற்றுப் பட்டதும் கறுக்கும். ஓவியர்களின் கார்மைன் சிவப்போ, மெக்சிகோவில் சப்பாத்திக் கள்ளியில் ஒட்டி வாழும் ஒரு பூச்சியை உலர்த்தி அரைத்தது. ஆக, அன்றைய எழுத்திலும் நிறத்திலும் பூச்சிகள் ஏற்கெனவே இருந்தன. அவற்றின் வாழ்க்கையைப் பற்றித்தான் யாருக்கும் சரியாகத் தெரியவில்லை.

எந்த அளவுக்குத் தெரியவில்லை என்றால், சேற்றிலிருந்தும் பனித்துளியிலிருந்தும் அழுகலிலிருந்தும் பூச்சிகள் தானாகத் தோன்றுகின்றன என்று அரிஸ்டாட்டில் காலத்திலிருந்தே படித்தவர்கள் நம்பிவந்தார்கள். இத்தாலியில் பிரான்செஸ்கோ ரெடி இறைச்சித் துண்டுகளைத் துணியால் மூடிவைத்து, ஈ வந்து முட்டையிட்டால்தான் புழு வரும் என்று காட்டியது 1668-இல். நெதர்லாந்தில் யான் ஸ்வாமர்டாம் புழுவையும் கூட்டுப்புழுவையும் அறுத்துப் பார்த்து, வரப்போகும் பூச்சியின் உறுப்புகள் உள்ளேயே மடிந்து கிடப்பதைக் காட்டியதும் அதே காலகட்டம். பதின்மூன்று வயதுப் பெண் தன் பட்டுப்புழுக்களுக்குத் தழை போட்டுக் கவனிக்க ஆரம்பித்தது இவர்கள் இருவரும் தங்கள் நூல்களை வெளியிடுவதற்கு முன்பே.

மெரியனின் தந்தை மத்தேயுஸ் மெரியன் பேர்பெற்ற செப்புத்தகட்டு ஓவியர், பதிப்பாளர். மகளுக்கு மூன்று வயதாகும்போது இறந்துவிட்டார். தாய் மறுமணம் செய்துகொண்ட யாகோப் மாரெல் மலர்களை வரைகிற ஓவியர். சிறுமிக்குத் தூரிகை பிடிக்கச் சொல்லிக்கொடுத்தவர் அவரே. 1665-இல் திருமணம், பிறகு கணவரோடு நூரம்பெர்க் நகரம். அங்கே ஓவியர் சங்கத்தின் விதிப்படி எண்ணெய் வண்ணத்தில் வரைந்து விற்கும் உரிமை பெண்களுக்குக் கிடையாது. நீர் வண்ணம்தான் அவர்களுக்கு. அந்த எல்லைக்குள் நின்று அவர் சம்பாதித்தார். பூத்தையல் போடுகிற பெண்களுக்கு மாதிரியாக மலர் ஓவிய நூல்களை வெளியிட்டார், வசதியான வீட்டுப் பெண்களுக்கு ஓவியம் கற்றுக்கொடுத்தார். வீட்டில் பெட்டிகளுக்குள் புழுக்கள் வளர்ந்துகொண்டிருந்தன.

1679-இல் புழுக்களின் மாற்றத்தைப் பற்றிய அவருடைய முதல் நூல் ஐம்பது படங்களோடு வந்தது. 1683-இல் இன்னொரு ஐம்பது. இந்தப் படங்களைப் புரிந்துகொள்ள அதற்கு முன் வந்த பூச்சி நூல்களை நினைத்துப் பார்க்க வேண்டும். அவற்றில் பூச்சிகள் உருவ ஒற்றுமைப்படி வரிசையாக அடுக்கப்பட்டிருக்கும்: சிறகுள்ளவை ஒரு பக்கம், புழுக்கள் இன்னொரு பக்கம். இந்தப் புழுதான் அந்தப் பூச்சி என்ற உறவு அங்கே இல்லை. டச்சு ஓவியர் யோஹன்னஸ் கூடார்ட் புழுவையும் கூட்டுப்புழுவையும் பூச்சியையும் சேர்த்துக் காட்டினார், ஆனால் முட்டையையும் செடியையும் விட்டுவிட்டார். மெரியன் அந்த இரண்டையும் சேர்த்தார். பக்கத்தின் நடுவில் ஒரு செடி, பூவும் இலையுமாக. இலையில் புழு கடித்த ஓட்டை. அதன் மேல் முட்டை, புழு, கழற்றிப்போட்ட தோல், கூடு, பூச்சி. பார்ப்பதற்கு ஒரே நொடியில் கண்ட காட்சிபோல் இருக்கும். உண்மையில் அது வெவ்வேறு மாதங்களில், சில சமயம் வெவ்வேறு ஆண்டுகளில் வரைந்த தோல்துண்டுகளை ஒரே பக்கத்துக்குக் கொண்டுவந்த வேலை. காலத்தைப் பொறுத்தவரை அந்தப் படத்தில் ஒரு பொய் இருக்கிறது. அந்தப் பொய்யின் ஒவ்வொரு துண்டும் கண்ணால் பார்த்த மெய் என்பதற்குச் சாட்சி நோட்டில் இருக்கிறது.

செடியை ஏன் இவ்வளவு வலியுறுத்த வேண்டும்? நம் வீட்டுக் கறிவேப்பிலைச் செடியிலேயே அதற்கு விடை உண்டு. அதில் பறவை எச்சம்போல் கறுப்பும் வெள்ளையுமாக ஒரு புழு ஒட்டியிருப்பதைப் பலர் பார்த்திருப்பார்கள். சில நாளில் தோலுரித்துப் பச்சைப் புழுவாகிவிடும். தொட்டால் தலைக்குப் பின்னாலிருந்து இரண்டாகப் பிளந்த கொம்பு ஒன்றை நீட்டி நாற்றம் வீசும். அது எலுமிச்சை அழகி போன்ற வண்ணத்துப்பூச்சியின் புழு. எலுமிச்சை, நாரத்தை, வில்வம், கறிவேப்பிலை எல்லாம் ஒரே தாவரக் குடும்பம். தாய்ப்பூச்சி முன்னங்காலால் இலையைத் தட்டிப் பார்த்து, அதன் வேதிப்பொருளை உணர்ந்து, இது நம் செடிதான் என்று உறுதியான பிறகே முட்டையிடும். பக்கத்திலிருக்கும் முருங்கையில் வைத்தால் குஞ்சு பட்டினிதான். செடி தன்னைக் காத்துக்கொள்ளச் சுரக்கும் நஞ்சும், அந்த நஞ்சைத் தாங்கப் பழகிக்கொண்ட புழுவும் காலங்காலமாக ஒன்றையொன்று மாற்றிவந்திருக்கின்றன என்ற கருத்தை, பால் எர்லிக், பீட்டர் ரேவன் இருவரும் 1964-இல் ஒரு புகழ்பெற்ற கட்டுரையில் விளக்கினார்கள். எந்தப் புழு எந்தச் செடியில் என்ற பட்டியல் இல்லாமல் அப்படி ஒரு கருத்தை எட்ட முடியாது. மெரியன் அந்தக் கேள்வியைத் தன் ஒவ்வொரு புழுவிடமும் கேட்டு, விடையை எழுதிவைத்தார்.

நோட்டில் அவரைக் குழப்பிய பதிவுகளும் இருக்கின்றன. புழுவை வளர்த்தார், கூடு கட்டியது, வண்ணத்துப்பூச்சிக்காகக் காத்திருந்தார். கூட்டைத் துளைத்துக்கொண்டு வந்தவை ஈக்களும் சிறு குளவிகளும். ஒழுங்கு தவறிய மாற்றம் என்ற பொருளில் அவர் அதைக் குறித்துக்கொண்டார். இன்று அது என்ன என்று தெரியும். ஒட்டுண்ணிக் குளவி புழுவின் உடம்புக்குள் ஊசிபோன்ற உறுப்பைச் செலுத்தி முட்டையிட்டுவிடுகிறது. குஞ்சுகள் புழுவை உள்ளிருந்தே தின்று வளர்கின்றன, அதுவும் உயிர்நிலை உறுப்புகளைக் கடைசிவரை தொடாமல். தமிழ்நாட்டில் கரும்புத் தோட்டங்களில் குருத்துப்புழுவைக் கட்டுப்படுத்த இலையின் அடியில் கட்டும் முட்டை ஒட்டுண்ணி அட்டையில் இருப்பதும் இப்படிப்பட்ட ஒரு குளவிதான், டிரைக்கோகிரம்மா என்று பெயர். மெரியனுக்கு விளக்கம் தெரியாது. இருந்தும் எதிர்பார்த்ததற்கு மாறாக வந்ததை ஒதுக்கித் தள்ளாமல் ஈயை ஈயாகவே வரைந்து, எந்தக் கூட்டிலிருந்து வந்தது என்று எழுதினார். விளக்கம் கிடைக்காததையும் அப்படியே பதிவு செய்த இந்த நேர்மைக்காகவே அவரை விஞ்ஞானி என்று தயங்காமல் சொல்வேன்.

கூட்டுக்குள் என்ன நடக்கிறது என்பதை அவரால் பார்க்க முடியவில்லை. பிற்காலம் பார்த்தது. புழு முட்டைக்குள் இருக்கும்போதே சிறகு போன்ற உறுப்புகளாக ஆகவேண்டிய செல்கள் தனித்தனித் தொகுதிகளாக ஒதுக்கப்படத் தொடங்கிவிடுகின்றன. புழு தின்று கொழுக்கும் நாளெல்லாம் அவை பெருகிக் காத்திருக்கும். புழுவின் ரத்தத்தில் இளமை ஹார்மோன் நிறைய இருக்கும்வரை, தோலுரித்தால் இன்னொரு பெரிய புழுதான் வரும். அந்த ஹார்மோன் குறைந்தபின் தோலுரிப்பைத் தூண்டும் எக்டைசோன் சுரக்கும்போது கூட்டுப்புழு உண்டாகிறது. பழைய தசைகளும் குடலும் பெருமளவு கரைந்து, அந்தச் சத்தை உண்டு புதிய உறுப்புகள் எழுகின்றன. எக்டைசோனை முதன்முதலில் தூய வடிவில் பிரித்தெடுத்தவர்கள் ஜெர்மானிய வேதியியலாளர்கள் அடால்ஃப் புட்டெனாண்ட், பீட்டர் கார்ல்சன் இருவரும். ஆண்டு 1954. அதற்கு அவர்கள் எடுத்துக்கொண்டது 500 கிலோ கூட்டுப்புழுக்கள். கிடைத்தது 25 மில்லிகிராம். அத்தனையும் பட்டுப்புழுவின் கூட்டுப்புழுக்கள், மெரியனின் நோட்டில் முதல் பக்கத்தில் இருக்கும் அதே இனம்.

எல்லாமே கரைந்து போகிறது என்று நினைத்துவிடக் கூடாது. 2008-இல் அமெரிக்காவின் ஜார்ஜ்டவுன் பல்கலைக்கழகத்தில் புகையிலைக் கொம்புப்புழுக்களுக்கு ஒரு குறிப்பிட்ட வாசனையோடு சேர்த்து லேசான மின்னதிர்ச்சி கொடுத்து, அந்த வாசனையை வெறுக்கப் பழக்கினார்கள். வளர்ச்சியின் கடைசிக் கட்டத்தில் அப்படிப் பழகிய புழுக்கள் கூடு கட்டி, அந்துப்பூச்சியாகி வெளிவந்த பிறகும் பெரும்பாலும் அந்த வாசனையை விட்டு விலகின. உடம்பு முழுக்க மாறியும் மூளையின் ஒரு பகுதி நினைவைச் சுமந்துகொண்டு வந்திருக்கிறது. புழுவாக இருந்தபோது பட்டது பூச்சிக்குத் தெரிகிறது! படித்து எத்தனை காலமானாலும் இந்தச் செய்தியின் வியப்பு எனக்குக் குறையவில்லை.

மெரியனின் வாழ்க்கையிலும் ஒரு பெரிய திருப்பம் வந்தது. 1680-களின் நடுவில் கணவரை விட்டுப் பிரிந்து, தாயையும் இரண்டு மகள்களையும் அழைத்துக்கொண்டு நெதர்லாந்தின் ஃபிரீஸ்லாந்துப் பகுதியில் ஒரு கோட்டையில் எளிய வாழ்க்கை வாழ்ந்த கிறிஸ்தவச் சமயக் குழுவில் சேர்ந்தார். வெளியாருக்குப் படம் வரைந்து விற்கும் வேலை அங்கே இல்லை. பழைய படங்களையும் சிதறிக் கிடந்த குறிப்புகளையும் ஒழுங்குபடுத்தி நோட்டாக்கத் தொடங்கியது அந்த ஆண்டுகளில்தான் என்று ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். அங்கேயே தவளை முட்டை தலைப்பிரட்டையாகி, கால் முளைத்து, வால் சுருங்குவதையும் பார்த்து வரைந்தார். கோட்டை, தென் அமெரிக்காவில் டச்சுக் குடியேற்றமாக இருந்த சூரினாமின் ஆளுநர் குடும்பத்துக்குச் சொந்தம். அங்கிருந்து வந்த பூச்சிகள் பெட்டிகளில் இருந்தன. எல்லாம் செத்தவை, புழு எது, உணவு எது என்ற தகவல் இல்லாதவை. 1691-இல் ஆம்ஸ்டர்டாமுக்கு வந்தபோது அங்கே செல்வந்தர்களின் சேகரிப்புகளிலும் இதே குறைதான்.

ஆம்ஸ்டர்டாமில் ஆர்டர்கள் வந்தன. ஆக்னெஸ் பிளாக் என்ற செல்வச் சீமாட்டி தன் தோட்டத்தில் வெளிநாட்டுச் செடிகளை வளர்த்து, அவற்றைப் பல ஓவியர்களைக் கொண்டு வரையச் செய்தார். மெரியனும் அவர்களில் ஒருவர். இப்படிச் சம்பாதித்ததோடு, 1699-இல் தன் ஓவியங்கள் 255-ஐ விற்றுப் பயணத்துக்குப் பணம் சேர்த்தார். உயிலை எழுதிவைத்துவிட்டு, இளைய மகள் டோரோத்தியாவோடு சூரினாமுக்குக் கப்பல் ஏறினார். வயது 52. அரசு அனுப்பவில்லை, எந்தக் கழகமும் செலவை ஏற்கவில்லை.

சூரினாம் அப்போது கரும்புக் காடு. ஆப்பிரிக்காவிலிருந்து பிடித்துவரப்பட்ட அடிமைகளின் உழைப்பில் சர்க்கரை விளைந்தது. சர்க்கரையைத் தவிர வேறு எதையோ தேடுகிற இந்தப் பெண்ணைத் தோட்ட முதலாளிகள் ஏளனம் செய்ததை மெரியன் பதிவு செய்திருக்கிறார். காட்டுக்குள் வழி வெட்டிக்கொடுத்தவர்களும், புழுக்களைப் பிடித்து வந்தவர்களும், எந்தச் செடி எதற்கு உதவும் என்று சொல்லிக்கொடுத்தவர்களும் அடிமைகளும் அந்நாட்டுப் பழங்குடியினரும்தான். அவர்களுடைய பெயர்களை அவர் எழுதவில்லை. ஒரு பழங்குடிப் பெண்ணைத் தன்னோடு ஆம்ஸ்டர்டாமுக்கு அழைத்தும் வந்தார். அவருடைய பெருமையைப் பேசும்போது இதையும் சேர்த்தே பேச வேண்டும். ஆனால் ஒரு செய்தியை அவர் மறைக்காமல் எழுதினார். நம் ஊர்த் தோட்டங்களில் சிவப்பும் மஞ்சளுமாகப் பூக்கும் மயில்கொன்றையை வரைந்த பக்கத்தில், அடிமைப் பெண்கள் அதன் விதையைத் தின்று கருவைக் கலைத்துக்கொள்கிறார்கள், தங்கள் பிள்ளைகளும் அடிமைகளாகப் பிறக்கக் கூடாது என்பதற்காக, என்று அவர்களே தன்னிடம் சொன்னதாகக் குறித்திருக்கிறார். பூச்சி நூலில் யாரும் எதிர்பார்க்காத அந்தச் சில வரிகள், அடிமை முறையைப் பற்றிய மிக முக்கியமான சாட்சியங்களில் ஒன்றாக இன்று வரலாற்றாசிரியர்களால் படிக்கப்படுகின்றன.

காய்ச்சல் அவரை 1701-இல் திரும்ப வைத்தது. கையில் தோல்துண்டுப் படங்கள், குறிப்புகள், சாராயத்தில் ஊறவைத்த உயிரினங்கள். நூலை அச்சிடத் தன் காசையே போட வேண்டியிருந்தது. அந்தச் சமயத்தில் ஒரு பெரிய ஆர்டர் வந்தது. இன்றைய இந்தோனேசியாவின் ஆம்போன் தீவில் வாழ்ந்து, பார்வை இழந்த பின்னும் எழுதிய இயற்கையியலாளர் ரும்ஃபியுஸின் நூலுக்குச் சங்குகளையும் சிப்பிகளையும் நண்டுகளையும் வரைந்துகொடுக்கும் வேலை. அந்த நூலும் மெரியனின் சூரினாம் பூச்சிகள் நூலும் ஒரே ஆண்டில், 1705-இல், ஆம்ஸ்டர்டாமில் வெளிவந்தன. காசுக்கு வரைந்த சங்கு, காசில்லாமல் வரைந்த புழுவை அச்சேற்றியது.

சூரினாம் நூலில் 60 பெரிய படங்கள். செப்புத்தகட்டில் வரைந்து அச்சிட்டால் படம் இடவலமாகப் புரண்டு விழும். மெரியன் அதற்கு ஓர் உத்தி வைத்திருந்தார். மை காய்வதற்குள் அச்சுத்தாளின் மேல் இன்னொரு தாளை வைத்து அழுத்துவார். அதில் படம் மூலத்தின் திசையிலேயே, மென்மையான கோடுகளோடு, தகட்டின் ஓரப் பள்ளம் இல்லாமல் பதியும். அதன் மேல் கையால் வண்ணம் தீட்டினால் அசல் ஓவியம்போல் இருக்கும். அவற்றை அதிக விலைக்கு விற்கலாம்.

அந்த 60 படங்களில் அதிகம் வசைபட்டது பதினெட்டாவது. கொய்யாக் கிளையில் எறும்புகளும் சிலந்திகளும். ஒரு பெரிய மயிர்ச்சிலந்தி, கூட்டிலிருந்து இழுத்துப்போட்ட தேன்சிட்டு போன்ற சிறு பறவையைத் தின்கிறது. சிலந்தியாவது பறவையைத் தின்பதாவது என்று பத்தொன்பதாம் நூற்றாண்டில் சில இயற்கையியலாளர்கள் கடுமையாக எழுதினார்கள். அவர்களில் லான்ஸ்டவுன் கில்டிங் என்பவர் சூரினாமுக்குப் போனதே இல்லை. அவர் கையில் இருந்தது மெரியன் இறந்த பிறகு மற்றவர்கள் வெளியிட்ட மோசமான பதிப்பு. பிறகு அமேசான் காட்டில் பல ஆண்டுகள் திரிந்த ஹென்றி வால்டர் பேட்ஸ், மயிர்ச்சிலந்தியின் பிடியில் குருவிகளைத் தன் கண்ணாலேயே கண்டு 1863-இல் வெளியிட்ட நூலில் எழுதினார். மெரியனிடம் தவறே இல்லை என்று சொல்ல வரவில்லை. நீண்ட தலையுடைய விளக்குப்பூச்சி இரவில் வெளிச்சம் தரும் என்று எழுதினார், அது தராது. ஆனால் எது அவருடைய தவறு, எது அவருக்குப் பின் வண்ணம் தீட்டியவர்களின் தவறு என்று பிரித்துப் பார்க்க நமக்கு வழி இருக்கிறது. நோட்டில் உள்ள தோல்துண்டை அச்சுப் படத்தோடு வைத்து ஒப்பிட்டால் போதும்.

அந்த நோட்டு பிழைத்ததே ஒரு கதை. மெரியன் 1717 ஜனவரி 13-இல் ஆம்ஸ்டர்டாமில் இறந்தார். அப்போது ரஷ்ய மன்னர் மகா பீட்டர் நெதர்லாந்தில் இருந்தார். மன்னருக்காக அவருடைய மருத்துவர் ராபர்ட் அரெஸ்கின் மெரியனின் ஓவியங்களை மொத்தமாக வாங்கினார். வரைநோட்டைத் தனக்காக வாங்கிக்கொண்டார். மறு ஆண்டே அவரும் இறக்க, நோட்டு மன்னரின் சேகரிப்போடு சேர்ந்தது. மகள் டோரோத்தியா கணவரோடு செயின்ட் பீட்டர்ஸ்பர்க்குக்குக் குடிபெயர்ந்து, மன்னரின் அருங்காட்சியகத்துக்காக வரைந்தார். டோரோத்தியாவின் மகளைப் பிற்காலத்தில் மணந்தவர் கணித மேதை லெயோன்ஹார்ட் ஆய்லர்.

ஐரோப்பாவின் மேற்கே மெரியனின் அச்சு நூல்களை வைத்துக் கார்ல் லின்னேயஸ் பல உயிரினங்களுக்கு அறிவியல் பெயர் சூட்டினார். பறவை தின்னும் அந்தச் சிலந்தியின் பெயரிலேயே பறவையைக் குறிக்கும் லத்தீன் சொல் இருக்கிறது. நோட்டு மட்டும் கிழக்கே யார் கண்ணிலும் படாமல் கிடந்தது. 1976-இல் லைப்சிக் நகரிலிருந்து அதன் நகல் பதிப்பு அச்சான பிறகுதான், அழகான பூப்படம் வரைந்த பெண்மணி என்று நினைத்திருந்தவரை அரை நூற்றாண்டு காலம் தொடர்ந்து பதிவு செய்த ஆய்வாளராக உலகம் பார்க்கத் தொடங்கியது. பின்னர் ஜெர்மனியின் 500 மார்க் நோட்டில் அவருடைய முகம் அச்சானது.

வரைகிற நண்பர்களிடம் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். ஆர்டர் வேலை முடிந்து கைக்குக் காசு வந்துவிடும், அதைப் பற்றிக் கவலை இல்லை. பழைய தாள்களைத்தான் நாம் வீடு மாற்றும்போது கட்டி எடைக்குப் போட்டுவிடுகிறோம். போடாதீர்கள். ஒவ்வொரு படத்தின் ஓரத்திலும் தேதியையும் ஊரையும் எழுதுங்கள். புழுவோ பூச்சியோ வரைந்திருந்தால் அது எந்தச் செடியில் இருந்தது என்றும் எழுதிவிடுங்கள்.